ஏழாவது ஆள்

மெல்பேண் நகரின் தென்கிழக்கே மல்கிரேவ் என்று ஒரு புறநகர் இருக்கிறது. ஸ்பிறிங்வேலில் அறை எடுத்திருந்த நாங்கள் வேலைக்குப் போகும்போது பொலிஸ் றோட் என்ற தெருவைக் கடக்க வேண்டும். பெயர்ப்பலகையைப் பார்த்து முதல்நாள் சிரித்தோம். ஊரில் அந்தச் சொல்லைக் கண்டால் வேறு ஒழுங்கையால் திரும்பிப் போயிருப்போம். அந்தத் தெருவுக்கு அப்பால் கல்யாணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் வாடகைக்கு விடும் மண்டபம் ஒன்று இருந்தது. அதன் குசினியில் கோப்பை கழுவுவதும் மரக்கறி வெட்டுவதும் எங்கள் வேலை.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் அந்த மண்டபம் 1920களின் சிக்காகோவாக மாறும். வாசலில் இரும்புக் கதவு போல் தீந்தை பூசிய பலகை. அதில் ஒரு சிறு துவாரம். உள்ளேயிருந்து ஒருவன் கண்ணை மட்டும் காட்டி இரகசியச் சொல் கேட்பான். ரிக்கற்றில் அச்சடித்திருக்கும் அந்தச் சொல்லைச் சொன்னால் கதவு திறக்கும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. கள்ளமாகக் குடிக்கும் இடங்களுக்குள் இப்படித்தான் நுழைந்தார்களாம். ஆண்கள் கோடு போட்ட கோட்டும் தொப்பியுமாக வருவார்கள். பெண்கள் தலையில் இறகும் கழுத்தில் நீண்ட மணிமாலையுமாக வருவார்கள். வைன் தேநீர்க் கோப்பையில் பரிமாறப்படும். அதுவும் அந்தக் காலத்துக் கள்ளத்தனத்தின் நினைவாகத்தான். குசினியில் எங்களுக்கு அது இருமடங்கு கோப்பை. சூப், இறைச்சி, அப்பிள் பை என்று மூன்று சுற்றுச் சாப்பாடு. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையில் பாட்டு, நடனம், பகிடி, துப்பாக்கிச் சத்தம். இராப்போசன நாடகம் என்று இதற்குப் பெயர் சொல்லலாம். நாங்கள் எங்களுக்குள் வைத்த பெயர் ‘சண்டியர் இரவு’.

இந்த நகரத்துக்கு இது புதிதல்ல. சாப்பாட்டையும் நாடகத்தையும் ஒன்றாக விற்கும் இடங்கள் மெல்பேணில் பல தசாப்தங்களாக இருந்து வந்திருக்கின்றன. கார்ல்ரனில் இரத்தக் காட்டேரி வேடத்துடன் சாப்பாடு பரிமாறிய ‘ட்றாகுலாஸ்’ 2017 வரை நடந்தது. ஆக, நாங்கள் சொல்லப்போவது ஒரு மண்டபத்தைப் பற்றிய முறைப்பாடு அல்ல. அந்த மண்டபத்தில் எங்களுக்கு வந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

இங்கே ‘நாங்கள்’ என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் குசினியில் வேலை செய்தவர்கள் நாங்கள் மூன்று பேர். மூவரும் வள்ளத்தில் வந்தவர்கள். 2023 பெப்ரவரியில் அரசாங்கம் தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரர் நிரந்தரத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தபோது எங்களில் இருவருக்கு வழி திறந்தது. வழக்கு நிராகரிக்கப்பட்டிருந்த மற்றவருக்குத் திறக்கவில்லை. எனவே யார் எந்தச் சொல்லைச் சொன்னார் என்று பிரித்துக் காட்டாமல் எழுதுவதே நல்லது என்று முடிவு செய்தோம். மூத்தவரை மட்டும் ‘அண்ணை’ என்று குறிப்பிடுகிறோம். அவரைத் தவிர்த்து இதை எழுத முடியாது.

சண்டியர் இரவின் உச்சக்கட்டம் ஒரு சுவர். அட்டையில் செங்கல் வரைந்த சுவர். அதன் முன்னால் ஏழு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். பொலிஸ் உடுப்புப் போட்ட இருவரும் கோட்டுப் போட்ட இருவரும் வந்து விளையாட்டுத் துப்பாக்கிகளைத் தூக்குவார்கள். ஒலிபெருக்கியில் சடசடவென்று சத்தம். வெளிச்சம் வெட்டி வெட்டி மின்னும். ஏழு பேரும் ஏழு விதமாக விழுவார்கள். ஒருவன் சுழன்று விழுவான். ஒருவன் விழுந்த பிறகும் எழும்பி மேசையில் இருக்கும் வைனை ஒரு மிடறு குடித்துவிட்டுத் திரும்ப விழுவான். சனம் கைதட்டும். பிறகு அப்பிள் பை போகும்.

ஒரு சனிக்கிழமை நடிகர்களில் ஒருவருக்குச் சுகமில்லை. மனேஜர் குசினிக்குள் வந்து, ஐந்து நிமிஷ வேலை, முகத்தைக்கூடக் காட்டத் தேவையில்லை, ஐம்பது டொலர் தருகிறேன், உங்களில் ஒருவர் சுவரோடு நிற்பீர்களா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

அண்ணையைப் பற்றி இரண்டு விடயம் சொல்ல வேண்டும். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவர் அவர். பாலத்துக்கு இந்தப் பக்கம் அவரையும் தம்பியையும் வேறுவேறு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். தம்பி நின்ற வரிசை எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டம் தொடங்கியபோது, படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்த தாய்மாரில் அண்ணையின் அம்மாவும் ஒருவர்.

நாங்கள் அப்பிள் பைத் தட்டுகளுடன் குசினிக் கதவோரம் நின்று பார்த்தோம். அண்ணைக்கு அளவில்லாத கறுப்புக் கோட்டு. காலில் கோப்பை கழுவும்போது போடும் அதே றப்பர் சப்பாத்து. சத்தம் வந்தது. ஆறு பேர் விழுந்தார்கள். ஏழாவது ஆள் விழவில்லை. அவர் முழங்காலில் இருந்து, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்து, நெற்றியை அட்டைச் சுவரில் வைத்துக்கொண்டார். ஒரு கணம் மண்டபம் பேசாமல் இருந்தது. பிறகு சிரிப்பு எழும்பியது. அன்று இரவு முழுவதும் அவ்வளவு பெரிய சிரிப்பு வரவில்லை. சாகப் பயந்த சண்டியன் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கையிலிருந்த ஐஸ்கிறீம் உருகி விரலில் வழிந்தது.

மனேஜருக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. இனி ஒவ்வொரு முறையும் இப்படியே செய்ய முடியுமா என்று கேட்டார். அண்ணை ஓம் என்றார்.

அன்று இரவு திரும்பும் வழியில் நாங்கள் அவருடன் சண்டை பிடித்தோம். வெட்கமில்லையா என்றுகூடக் கேட்டுவிட்டோம். அவர் பஸ் யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: “இண்டைக்கு அதை நானாச் செய்யேல்லை. முழங்கால் தானா மடிஞ்சுது. வாற முறை நானாச் செய்வன். அங்கை அப்பிடி இருந்தவன் எழும்பினது குறைவு. இஞ்சை நான் எழும்பிப்போய்க் கோப்பை கழுவுறன்.”

எங்களுக்கு அது விளங்கவில்லை. கோபம் அவரில் இருந்து விலகி அந்த மண்டபத்தின் மேல் போனது. மற்றவனின் சாவை இறைச்சியோடு சேர்த்துச் சாப்பிடும் சனம் என்று பேசிக்கொண்டோம். இது சரியா, பிழையா? பயங்கரத்தை விளையாட்டாக்கிச் சிரிப்பது அறமா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கத் தொடங்கி இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவர் எங்களில் ஒருவர். முடிக்காத படிப்பின் குணம், அது வேண்டாத நேரத்தில் எல்லாம் தலைகாட்டும். ஆகவே முதலில் அந்தச் சுவரைப் பற்றி அறிந்துகொள்ளப் புறப்பட்டோம்.

அந்தச் சுவர் கற்பனை அல்ல. 1929 பெப்ரவரி 14, வலன்ரைன் தினம். சிக்காகோவில் வடக்கு கிளார்க் வீதி 2122ஆம் இலக்கத்தில் ஒரு வாகனக் கராஜ். அதற்குள் ஏழு பேர் சுவரோடு நிறுத்தப்பட்டுத் தொம்சன் துப்பாக்கிகளால் சுடப்பட்டார்கள். அல் கபோனின் போட்டியாளர் மோரானின் ஆட்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. மோரான் அன்று அங்கே இருக்கவில்லை. கபோன் புளோரிடாவில் இருந்தார். அந்தக் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கபோனைப் பிடித்து உள்ளே போட்டது 1931இல், வருமான வரி ஏய்ப்புக்காக.

எங்களை உறுத்திய விவரங்கள் வேறு. ஏழு பேரும் துப்பாக்கிக்காரர் அல்ல. ஒருவர் மூக்குக்கண்ணாடித் தொழிலை விட்டுவிட்டுச் சண்டியர்களோடு பழகுவதைப் பெருமையாக நினைத்துத் திரிந்தவர். இன்னொருவர் ஜோன் மே. அவர் கராஜில் வாகனம் திருத்துபவர். மனைவியும் ஏழு பிள்ளைகளும். காசுக்காக அந்த வேலையைச் செய்தவர். அவர் கட்டிவைத்திருந்த நாய் மட்டும் உயிரோடு மிஞ்சியது. மல்கிரேவ் மேடையில் ஏழு பேரும் ஒரே மாதிரிக் கோட்டுப் போட்ட சண்டியர்கள். எண்ணெய் படிந்த உடுப்போடு ஒருவரும் இல்லை. சம்பளத்துக்காக அங்கே நின்ற ஏழாவது ஆள் அந்த நாடகத்தில் இல்லை. தற்செயலாக அந்த இடத்தை நிரப்பியவர் கோப்பை கழுவும் எங்கள் அண்ணை.

மற்றது, அந்த ஏழு பேரும் ஏன் சண்டை பிடிக்காமல் சுவரோடு நின்றார்கள் என்பது. வந்தவர்களில் இருவர் பொலிஸ் உடுப்பில் இருந்தார்கள். வழமையான சோதனை என்று நினைத்துத் திரும்பி நின்றார்கள் என்றுதான் நம்பப்படுகிறது. அதாவது அந்தக் கொலைக்குள்ளேயே ஒரு வேடம் இருந்தது. உடுப்பை நம்பித் திரும்பி நின்றவர்களின் கதையை எங்களுக்கு எவரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

பிறகு அந்தச் சுவருக்கு நடந்தது இன்னும் விசித்திரம். 1967இல் கராஜ் இடிக்கப்பட்டபோது கனடாவின் வன்கூவரைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் அந்தச் செங்கற்களை வாங்கினார். 1971இல் அவர் 1920களின் பாணியில் ஓர் இரவு விடுதி திறந்து, அந்தச் சுவரை ஆண்களின் மலசலகூடத்தில் கட்டிவைத்தார். மிஞ்சிய கற்கள் இன்று லாஸ் வேகஸில் 2012 பெப்ரவரி 14இல் திறக்கப்பட்ட மாஃபியா நூதனசாலையில் உள்ளன.

சிக்காகோ தூரம் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் மண்டபத்துக்கு அரைமணி நேரத் தூரத்தில் மெல்பேணின் சொந்தச் சண்டியனின் கதை இருக்கிறது. விக்ரோறியாவில் 1916 முதல் 1966 வரை மதுச்சாலைகள் மாலை ஆறு மணிக்கே மூடப்பட்டன. ஆறு மணிக்குப் பிறகு கள்ளமாக விற்றவர்களுக்கு அது நல்ல காலம். அந்தக் காலத்து ஆள் ஸ்குவிசி ரெய்லர். 1921இல் பிணையில் வந்து தலைமறைவாகி, ஒளித்திருந்துகொண்டே பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதியவர். ஒரு குதிரைப் பந்தயப் படத்தில் தானே நடித்தார். விக்ரோறியாவில் அது தடைசெய்யப்பட்டது. தன் வேடத்தைத் தானே போட்டு விற்கத் தெரிந்த முதல் ஆட்களில் அவரும் ஒருவர். 1927 ஒக்ரோபர் 27ஆம் திகதி கார்ல்ரன் பார்க்லி வீதியில் ஒரு வீட்டு அறைக்குள் அவரும் ஸ்நோவி கட்மோர் என்பவரும் சூடுபட்டு இறந்தார்கள். 2013இல் அவர் பெயரில் தொலைக்காட்சித் தொடரும் வந்தது.

அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். கட்மோரின் தாயார். அவருக்கும் தோளில் சூடுபட்டது. ரெய்லரின் தொப்பியையும் கோட்டையும் வாடகைக்கு எடுத்து வேடம் போடுவார்கள். கட்மோரின் தாயாரின் வேடத்தை யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை.

இவ்வளவையும் அறிந்த பிறகு எங்கள் கோபம் கூடியிருக்க வேண்டும். உண்மையில் குறையத் தொடங்கியது. காரணம், எங்களை நாங்களே விசாரிக்க வேண்டி வந்தது. ‘நாயகன்’ 1987இல் வந்த படம். பம்பாயின் வரதராஜ முதலியாரின் வாழ்க்கையைத் தழுவியது என்று எல்லோருக்கும் தெரியும். அதை நாங்கள் எத்தனை முறை பார்த்திருப்போம்? 1995இல் வந்த ‘பாட்ஷா’வை ஜெனறேற்றர் வைத்துப் பார்த்தோம். அந்தப் படங்களில் சுடப்பட்டு விழும் அடியாட்களுக்குத் தாய் உண்டா என்று ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் சண்டியர் இரவுக்கு ரிக்கற் மலிவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்று நான்கைச் சொல்கிறார். கள்வனையும் அரசனையும் ஒரே பட்டியலில் வைத்த அந்த மனிதருக்கு எங்கள் நாட்டைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று நாங்கள் பகிடி விடுவதுண்டு. அதே அதிகாரத்தில் நகைக்கும் நான்கு காரணம்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அண்ணை முழங்காலில் இருந்தபோது அந்த மண்டபம் சிரித்த சிரிப்பு எந்த வகை? எள்ளல் என்றுதான் முதலில் எழுதினோம். பிறகு அடித்தோம். பிறனை இகழ அவர்களுக்கு அங்கே ஒரு பிறன் தெரியவில்லை. அது பேதைமை, அறியாமையின் சிரிப்பு.

கிரேக்கத்தில் அரிஸ்ரோட்டில், நேரில் பார்க்க மனம் நோகும் பிணத்தையும் சித்திரத்தில் துல்லியமாகத் தீட்டினால் மனிதர் விருப்பத்தோடு பார்ப்பார்கள் என்கிறார். சித்திரத்தில் அறிதலின் இன்பம் இருக்கிறது என்பது அவர் விளக்கம். பிளேட்டோவின் நூலில் வரும் லியோன்ரியஸ் என்பவன், மதிலுக்கு வெளியே கிடந்த பிணங்களைப் பார்க்காமல் போக முயன்று, கடைசியில் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் தன் கண்களையே திட்டுகிறான். பார்க்கும் ஆசை மனிதனுக்கு உண்டு. அதை அறம் அதட்டினால் போய்விடாது. இருவரும் பேசுவது பார்ப்பவனைப் பற்றி. பார்க்கப்பட்டவனின் ஆட்கள் அருகில் நின்றால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை எங்களுக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. அது எங்கள் சிறுபராயத்தில் கிடந்தது.

1996க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சுற்றிவளைப்பு என்பது மழை மாதிரி. விடியப்புறம் வரும், ஊர்ச் சனத்தைக் கோயில் வீதியில் இருத்தும், மூடிய ஜீப்புக்குள்ளேயோ சாக்குக்குள்ளேயோ ஒரு தலையாட்டி. அவன் தலை ஆடினால் ஒருவர் எழும்பிப் போகவேண்டும். பின்னேரத்தில் நாங்கள் அதை விளையாடினோம். பனைமட்டை துவக்கு. உரப்பையில் இரண்டு ஓட்டை போட்டு ஒருவன் தலையில் கவிழ்ப்போம். மற்றவர்கள் வரிசையில் போவார்கள். தலையாட்டி யாருக்குத் தலையாட்டுவான் என்று தெரியாத அந்தக் கணத்தின் கூச்சம் இருக்கிறதே, கிளித்தட்டில்கூட அந்தச் சுகம் இல்லை. பிடிபட்டவனை இழுத்துப்போய் மாட்டுக்கொட்டிலில் அடைப்போம். விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஒருநாள் அயல்வீட்டு மாமி படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அவருடைய மூத்த மகனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். எங்களுக்கு அது தெரியும். தெரிந்துதான் விளையாடினோம், அவர் பார்ப்பார் என்றுதான் நினைக்கவில்லை. மாமி ஏசவில்லை. மெதுவாக வந்து, தலையாட்டியாக நின்றவனின் தலையிலிருந்து உரப்பையைக் கழற்றினார். அதை உதறி, நாலாக மடித்து, கையில் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த விளையாட்டை நாங்கள் விளையாடவில்லை. வேறு உரப்பை கிடைக்காமல் அல்ல.

காலம் போனால் எல்லாம் சரியாகும், பழைய இரத்தம் சாயமாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. 1929 என்றால் சிரிக்கலாம், 2009 என்றால் சிரிக்கக்கூடாது என்று ஆண்டுக்கணக்கு வைக்க முடியுமா? முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடுவார்கள். கள்வன் என்று பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டு வெட்டுண்டவனின் கதை எத்தனையோ நூற்றாண்டுப் பழசு. ஆனாலும் கோவலன் வெட்டுப்படும் இடத்தில் சனம் அழும். சாப்பாடு அங்கேயும் உண்டு. கச்சான் உண்டு, தேத்தண்ணி உண்டு. சாப்பிட்டுக்கொண்டு சாவைப் பார்ப்பதுதான் குற்றம் என்றால் எங்கள் கூத்துக் கொட்டகையும் குற்றவாளிதான். ஆனால் அண்ணாவியாருக்கு ஊரின் ஒவ்வொரு வீடும் தெரியும். எந்த வீட்டில் இந்த வருடம் புருஷனை இழந்தவள் இருக்கிறாள், அவள் எந்தப் பாயில் இருந்து பார்க்கிறாள் என்று தெரிந்துகொண்டுதான் அவர் பாட்டை எடுப்பார். கண்ணகி புலம்பும்போது அவளுக்கும் சேர்த்துப் புலம்புகிறாள். மல்கிரேவ் மண்டபம் ரிக்கற் வாங்கியவர்களை மட்டுமே எண்ணியது. குசினிக் கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

இங்கே கட்டுரையை முடித்திருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். கூத்து உயர்ந்தது, வெள்ளைக்காரன் நாடகம் தாழ்ந்தது என்று சொல்லிவிட்டு நல்ல பெயர் எடுத்திருக்கலாம். ஆனால் அதே வருடம் எங்கள் சனத்தின் கலைவிழா ஒன்றுக்குப் போனோம். யார் நடத்தியது, எந்த மண்டபம் என்பது முக்கியமில்லை. இதை வாசிப்பவர்கள் லண்டனிலோ ரொறொன்ரோவிலோ ஒஸ்லோவிலோ அதே விழாவைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் றோல்ஸ், வடை, கொத்துரொட்டி. வருமானம் ஊரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு. நல்ல நோக்கம், உழைத்தவர்கள் நல்ல மனிதர்கள். மேடையில் பிள்ளைகளின் நடனம். புகை இயந்திரம் புகை விட்டது. சிவப்பு வெளிச்சத்தில் வரிப்புலி உடுப்புப் போட்ட பிள்ளைகள் விழுந்தார்கள். கடைசிக் காட்சியில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் வரிசையாக முழங்காலில் இருந்து, கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டார்கள். ஒரு சிறுமி முழங்காலில் இருந்தபடியே தாயின் கைத்தொலைபேசி எங்கே என்று பார்த்தாள். சபையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு இடைவேளை, கொத்துரொட்டி.

அண்ணை கைதட்டலுக்கு முன்னமே எழும்பிப் போய்விட்டார். கார் நிறுத்துமிடத்தில் நின்றார். சண்டியர் இரவில் எத்தனையோ முறை அந்த அட்டைச் சுவரோடு முழங்காலில் இருந்த மனிதர், எங்கள் மண்டபத்துக்குள் ஐந்து நிமிஷம் இருக்க முடியாமல் வந்து நின்றார். ஏனென்று கேட்டோம்.

“மல்கிரேவிலை இருக்கிறவைக்கு என்னை ஆரெண்டு தெரியாது,” என்றார். “இஞ்சை எல்லாருக்கும் தெரியும். போன கிழமைதானே அம்மாவைப் பற்றி விசாரிச்சவை.”

சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டுக் கேட்டார்: “அந்தப் பிள்ளையளுக்குக் கையை அப்பிடிக் கோக்கச் சொல்லி ஆர் பழக்கினது? வீடியோவைப் பார்த்துப் பழக்கியிருப்பினம். என்னட்டைக் கேட்டிருக்கலாமே.”

அந்தக் கடைசி வசனத்தை நாங்கள் பல மாதமாக யோசித்தோம். அவர் காட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் அறியக்கூடாது என்றும் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம் என்றார். அப்போதுதான் மல்கிரேவ் மனேஜர் ஞாபகத்துக்கு வந்தார். அந்த மனிதருக்கு வட்டுவாகலும் தெரியாது, கிளிநொச்சியும் தெரியாது. ஆனால் குசினிக்குள் வந்து, நிற்பீர்களா என்று கேட்டார். முடியாது என்று சொல்லும் வாய்ப்பு அண்ணைக்கு இருந்தது. அடுத்த முறை தானாகவே முழங்காலில் இருக்கும் உரிமையும் இருந்தது. எல்லாம் தெரிந்த எங்கள் சபையில் அவரிடம் எதுவும் கேட்கப்படவில்லை. பயங்கரத்தை நடிப்பது அறமா என்று தொடங்கிய கேள்வி இப்படி வேறு இடத்தில் வந்து நின்றது. தெரியாதவனின் சிரிப்பை மன்னிக்கலாம். தெரிந்தவனுக்குக் கேட்கும் கடமை வந்துவிடுகிறது.

இதற்கு மறுப்பு உண்டு. நாங்களே எங்களுக்குள் சொல்லிப்பார்த்தோம். எல்லோரிடமும் அனுமதி கேட்டுத்தான் கலை செய்யவேண்டுமென்றால் ஒரு நாடகமும் மேடையேறாது; வாய்திறக்கப் பயந்தவர்கள் நிறைந்த சனத்தில் நினைவு செத்துப்போகும்; அதைவிடப் பிழையான கைக்கோப்பு மேல் அல்லவா? இதில் உண்மை இருக்கிறது. இறந்தவனிடம் கேட்க முடியாது என்பதும் உண்மை. ஜோன் மேயிடமும் கட்மோரின் தாயாரிடமும் இனி யாரும் கேட்க முடியாது. கேட்க ஆளில்லாத இடத்தில் மிஞ்சுவது, ஏழு பேரில் ஒருவன் வாகனம் திருத்தும் கூலிக்காரன் என்பதையாவது மறக்காமல் இருப்பது. ஆனால் எங்கள் விடயத்தில் கேட்க ஆள் இருக்கிறார்கள். மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். வாசலில் றோல்ஸ் பொரிக்கிறார்கள். அவர்கள் இல்லாமல் போகும் காலம் தானாகவே வரும். அதுவரை பொறுக்க முடியாதா?

மல்கிரேவ் மண்டபம் 2020 முடக்கத்தோடு சண்டியர் இரவை நிறுத்தியது. திரும்ப அது தொடங்கவில்லை. சாமான்களை ஒழித்த நாளில் அட்டைச் சுவரை நாங்கள்தான் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனோம். நெற்றி படும் உயரத்தில் ஓரிடம் மட்டும் தீந்தை தேய்ந்து வெள்ளையாக இருந்தது. அண்ணை அதைப் பார்த்தார். பிறகு ஒரு பக்கத்தைப் பிடியுங்கோ என்றார். நாலாக முறித்துக் குப்பைத் தொட்டிக்குள் போட்டோம்.

அடுத்த வைகாசியிலும் விழா வரும். ஒழுங்கு செய்பவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: ஒத்திகைக்கு முன் ஒருமுறை, சபைக்கு வரக்கூடிய அந்த நாலைந்து பேரிடம் போய்க் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்று சொல்லலாம். சரி என்றும் சொல்லலாம். கையை இப்படிக் கோக்கக்கூடாது, இப்படித்தான் என்று பிள்ளைகளுக்குக் காட்டித்தரவும் கூடும்.